‘நாளைக்கு லீவா?’

கேள்வி:

என் மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். நாலு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேசுவான், படிப்பான். போன வருஷம் ஐப்பசி மழையிலிருந்து ‘நாளைக்கு லீவா?’ என்று ராத்திரி முழுக்க ஒரே கேள்வி. ‘தெரியாதுப்பா’ என்றால் கத்துகிறான், கையைக் கடித்துக்கொள்கிறான். ‘லீவு இல்லை’ என்று சொல்லிவிட்டு, காலையில் கலெக்டர் லீவு விட்டுவிட்டால் வீடே ரணகளம். ரயில்வே கேட்டில் பஸ் நின்றால் இறங்கி ஓடப் பார்க்கிறான். கோயில் திருவிழாவுக்கு மைக்செட்காரர் தென்னை மரத்தில் குழாயைக் கட்டும்போதே காதைப் பொத்திக்கொள்கிறான். காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்து பத்து நாள் ஆகிறது, போகவே இல்லை. காலையில் வயிறு சுடுகிறது என்கிறான். ‘இங்கே நல்லாத்தானே இருந்தான், வீட்டில் செல்லம் அதிகம்’ என்கிறார்கள் பள்ளியில். மாமியார் பயந்த கோளாறு, மந்திரிக்கணும் என்கிறார். டாக்டர் ரிஸ்பெரிடோன் எழுதினார். ஓயாமல் சாப்பிடக் கேட்கிறான், தூங்கி வழிகிறான், கேள்வி மட்டும் நிற்கவில்லை. அவனுக்குப் பிடித்தது இரண்டே விஷயம்: தினமும் மேட்டூர் நீர்மட்டம் பார்ப்பது, காலண்டர் தாளைக் கிழித்துச் சேர்ப்பது. ஆட்டிசம் முற்றிவிட்டதா?

பதில்:

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் முற்றுவதில்லை. அது மூளை வளர்ந்த விதம். காய்ச்சல் மாதிரி ஏறி இறங்குகிற நோய் இல்லை. உங்கள் மகனுக்கு ஏறியிருப்பது பதற்றம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பள்ளி ஒன்று சொல்கிறது, மாமியார் ஒன்று சொல்கிறார், மாத்திரை இன்னொரு பக்கம் போகிறது.

இது அபூர்வமும் இல்லை. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிலும் பதின்வயதினரிலும் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு, தனியாகப் பெயர் வைத்து மருத்துவம் பார்க்கவேண்டிய அளவுக்குப் பதற்றக் கோளாறு ஏதாவது ஒன்று இருந்தது. ஆனால் அது ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு வராது. தனக்குள் என்ன நடக்கிறது என்று பெயர் சொல்வதே ஆட்டிசம் உள்ளவர்களில் பாதிப் பேருக்குச் சிரமம். ‘பயமா இருக்கா?’ என்று நீங்கள் கேட்டால் ‘இல்லை’ என்பான். பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிவது வயிறு சுடுவது மட்டும்தான். அந்த வயிற்றைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது தென்னை மரத்து வரி. குழாயில் இன்னும் சத்தமே வரவில்லை, மைக்செட்காரர் கயிறுதான் கட்டுகிறார், பையன் அதற்குள் காதைப் பொத்திக்கொள்கிறான். சத்தம் வந்த பிறகு பொத்தினால் அது காதின் விஷயம். ஆட்டிசத்தில் கேட்கும் புலன் கூர்மையாக இருப்பதுண்டு, அந்த வலி நிஜம். சத்தம் வருவதற்கு முன்பே பொத்தினால் அது ‘எப்போது வரப்போகிறதோ’ என்பதன் விஷயம். காதுக்கு ஹெட்போன் மாதிரி இருக்கும் காது மூடி போதும். ‘எப்போது’ என்பதற்குக் காது மூடி உதவாது.

இப்போது மற்ற இரண்டையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேட் எப்போது திறக்கும், தெரியாது. நாளைக்கு லீவா, தெரியாது. மூன்றிலும் அவனை வதைப்பது தெரியாமல் காத்திருப்பது. லீவு விட்டாலும் சரி, விடாவிட்டாலும் சரி, அவன் எப்படியோ சமாளித்துவிடுவான். இரண்டுக்கும் நடுவில் தொங்கும் அந்த ராத்திரிதான் அவனால் தாங்க முடியாதது. ஆட்டிசத்தில் பதற்றத்தை வளர்க்கும் காரணங்களில் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவதும் இதைத்தான்: நிச்சயமின்மையைத் தாங்க முடியாமை.

நம் பக்கத்தில் இதைப் புரியவைக்கப் பெரிய விளக்கம் தேவையில்லை. ஜூன் 12 தண்ணீர் திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா வேண்டாமா என்று மே மாதம் முழுக்க மேட்டூர் நீர்மட்டத்தைப் பேப்பரில் தேடுகிற விவசாயியை யாரும் பிடிவாதக்காரர் என்பதில்லை. உங்கள் மகன் தினமும் அதே எண்ணைப் பார்ப்பதற்கும் அதே காரணம் இருக்கலாம். மாறுகிற விஷயம்தான், ஆனால் தினம் ஒரு எண்ணாக வந்துவிடுகிறது. கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் அவனுக்கு ஆறு வயது இருந்திருக்கும். நம் மாவட்டங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ‘எப்போ வரும்?’ என்று அவன் கேட்டபோது யாராலும் பதில் சொல்ல முடிந்திருக்காது. அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மழைச் சத்தம் அவனுக்கு எதையெல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

சரி, ராத்திரிக் கேள்விக்கு என்ன செய்வது?

நீங்கள் இதுவரை இரண்டு பதில் சொல்லியிருக்கிறீர்கள். ‘லீவு இல்லை’ என்று உறுதி சொன்னீர்கள். காலையில் அது பொய்யானது. அவன் கணக்கில் அம்மா சொல்வதும் நம்ப முடியாதது ஆகிவிட்டது, அதனால் அடுத்த நாள் பத்து முறை கூடுதலாகக் கேட்கிறான். ‘தெரியாதுப்பா’ என்பது உண்மைதான், ஆனால் அது அடியில்லாத கிணறு. இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு முறை பதில் சொல்லும்போதும் இரண்டு நிமிஷம் படபடப்பு இறங்கும், அப்புறம் ஏறும். இறக்குவதற்குக் கேள்விதான் வழி என்று மூளை பழகிவிடும். அதற்காக, ‘இனி பதிலே சொல்லாதீர்கள்’ என்று சிலர் சொல்வதுபோல் ஒரே நாளில் நிறுத்தினால் அது கொடுமை. நான் அதைச் சொல்ல மாட்டேன்.

‘தெரியாது’ என்பதற்கு ஒரு நேரத்தைக் கொடுங்கள்.

உங்கள் வீட்டுத் தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவனும் நீங்களும் நாளைய தாளில் பேனாவால் எழுதுங்கள். மழை இல்லாத நாளில் ‘பள்ளி’ அல்லது ‘லீவு’ என்று ஒரே வார்த்தை. மழைக்காலத்தில் மட்டும் மூன்றாவது வகை: ‘இன்னும் தெரியாது. காலை 7 மணிக்குத் தெரியும்.’ கீழே இரண்டு வரி. ‘பள்ளி என்றால்: குளியல், யூனிஃபார்ம், 8.15 பஸ்.’ ‘லீவு என்றால்: குளியல், இட்லி, மேட்டூர் நீர்மட்டம், பத்து மணிக்கு டிவி.’ நேரமும் சாமானும் உங்கள் வீட்டுப்படி இருக்கட்டும். இரண்டிலும் முதல் காரியம் ஒன்றாகவே இருப்பது முக்கியம். எது நடந்தாலும் குளியல் நிச்சயம் என்பது காலையில் அவன் கால் வைக்க ஒரு படி.

அதற்கப்புறம் அவன் கேட்டால், ஒரு முறை வாயால் சொல்லுங்கள். இரண்டாவது முறை, ‘காலண்டர் என்ன சொல்லுது?’ மூன்றாவது முறை பேச்சு வேண்டாம், விரலால் காட்டினால் போதும். குரல் ஒரே மாதிரி இருக்கட்டும். முதல் நாலைந்து நாள் கேள்வி கூடும். தயவுசெய்து அந்த இடத்தில் விட்டுவிடாதீர்கள்.

லீவு அறிவிப்பு ஏழு மணிக்கே வந்துவிடும் என்று கலெக்டர் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை. சில நாள் முந்தின ராத்திரியே வரும். சில நாள் பிள்ளைகள் ஷூ மாட்டி நின்ற பிறகு வரும். அதனால் தாளில் இன்னொரு விதியும் வேண்டும்: ‘7 மணிக்குச் செய்தி இல்லை என்றால் பள்ளி நாள். பிறகு செய்தி வந்தால் தாமத அட்டை.’ தாமத அட்டை என்பது சட்டைப்பையில் வைக்கும் ஒரு துண்டுச் சீட்டு. ‘திட்டம் மாறியது. வீட்டுக்குப் போகிறோம். யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு லீவுத் திட்டத்தில் மூன்றாவது காரியத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.’ இவ்வளவுதான்.

இதை மழை நாளில்தான் முதல்முதலாகச் செய்வேன் என்றால் நடக்காது. வெயில் நாளில், ஒன்றும் கெட்டுப்போகாத விஷயத்தில் பழக்குங்கள். ‘நாளைக்குக் காலை இட்லியா தோசையா, இன்னும் தெரியாது, 7 மணிக்குத் தெரியும்.’ அவனுக்கு இரண்டுமே பிடிக்கும் என்றால் இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஒரு வாரம் கழித்து, ‘சாயந்திரம் கடைக்கு அப்பா கூட்டிப்போவாரா, அம்மாவா, 5 மணிக்குத் தெரியும்.’ அப்புறம் கொஞ்சம் பெரிய விஷயம். தெரியாமல் இருக்கும் நேரத்தைச் சின்னச் சின்னதாகக் கொடுத்து, தாங்கிவிட்டோம் என்று அவன் உடம்புக்கே தெரியவைப்பது. எங்கள் சிகிச்சையின் பாதி இதுதான். சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) என்று அதற்குப் பெயர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றி, பேச்சைக் குறைத்து, எழுத்தும் படமும் கூட்டி, பெற்றோரையும் உட்காரவைத்துச் செய்தால் பதற்றம் குறைகிறது என்று பல பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது.

ரயில்வே கேட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். மூடிய நேரம், திறந்த நேரம், எத்தனை நிமிஷம் என்று எண் பிடித்த பிள்ளை எழுதட்டும். இருபது தடவை எழுதினால் குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று அவனே சொல்லிவிடுவான். அன்றைக்குக் கேட் ‘தெரியாது’ என்பதிலிருந்து ‘இதற்குள் ஒரு எண்’ என்று மாறும். ஓடிப்போகிற பழக்கம் நிற்கும்வரை மட்டும் ஜன்னல் ஓரம் அவனும், வழி ஓரம் நீங்களும் உட்காருங்கள்.

அடுத்தது மேட்டூர். இதைத்தான் நான் ரொம்ப ஆசையாக எழுதுகிறேன். ‘உனக்கு எவ்வளவு பதற்றம், ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்’ என்று கிளினிக்கில் கேட்பது வழக்கம். உங்கள் மகனிடம் அப்படிக் கேட்க வேண்டாம். ‘இப்போ எத்தனை அடி?’ என்று கேளுங்கள். 120 அடி முழு நீர்மட்டம் என்பது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அது நிரம்பினால் உபரி நீர் 16 கண் மதகு வழியாகப் போகும் என்பதும் தெரிந்திருக்கும். கத்துவதும் கடிப்பதும் அவனுடைய 16 கண் மதகு. அது திறந்த பிறகு புத்திமதி சொன்னால் தண்ணீர் திரும்பாது. அந்த நேரத்தில் பேச்சைக் குறையுங்கள், வேடிக்கை பார்ப்பவர்களை அனுப்புங்கள், விளக்கை அணையுங்கள், கடிக்க மடித்த துண்டு கொடுங்கள், பக்கத்தில் சும்மா இருங்கள். நமக்கு வேலை இருப்பது 90 அடியில். ‘வயிறு சுடுது’ என்றால் அது 80 என்று இருவரும் சேர்ந்து முடிவு பண்ணி எழுதிவையுங்கள். 90 என்று அவன் சொன்னால் கொல்லைப்புறம் ஊஞ்சலுக்கோ, இருட்டறைக்கோ போக யாரையும் அனுமதி கேட்க வேண்டாம். எண் சொன்னதற்காகவே போக விட வேண்டும். முதல் சில வாரம் தப்பு எண் சொல்வான், பரவாயில்லை.

திருவிழா பற்றி எழுதும்முன் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், வேட்டுச் சத்தத்துக்குப் பயந்த ஒரு சிறுமியின் அப்பாவிடம், ‘பயத்தை எதிர்கொண்டால்தான் போகும், தேருக்குக் கூட்டிப்போங்கள்’ என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். படிப்படியாக என்று படித்ததை அவசரத்தில் விட்டுவிட்டேன். தவிலும் வேட்டும் கூட்டமும் ஒன்றாக அவள் மேல் விழுந்தன. அதற்கப்புறம் எட்டு மாதம் அந்தப் பெண் தெருவுக்கே வரவில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால் உங்களுக்குச் சொல்வது: விழாக் கமிட்டியில் யாராவது உறவுக்காரர் இருப்பார். காப்புக் கட்டுவது என்றைக்கு, மைக்செட் எத்தனை மணிக்கு ஆரம்பம், எப்போது நிறுத்துவார்கள், வேட்டு எந்த இரண்டு நேரம் என்று கேட்டு அதையும் காலண்டரில் ஏற்றுங்கள். வேட்டு நேரத்தில் ஊரை விட்டு ஒரு மணி நேரம் அத்தை வீட்டுக்குப் போவது தோல்வி ஆகாது. மைக்செட்காரரிடம் ஒரு உதவி கேட்கலாம், நம் ஊரில் மறுக்க மாட்டார்கள்: கட்டி முடித்ததும், ‘ஹலோ, ஹலோ’ என்று சோதிக்கும்முன் அவனுக்குக் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். என்றாவது ஒரு வருஷம், அந்தச் சுவிட்சை அவனே போடட்டும்.

பள்ளி. ‘இங்கே நல்லாத்தான் இருந்தான்’ என்பதை ஆசிரியர் பொய்யாகச் சொல்லவில்லை. பல பிள்ளைகள் பள்ளியில் ஏழு மணி நேரம் அடக்கிவைத்து, வீட்டு வாசலில் கொட்டிவிடுவார்கள். வீடு நம்பிக்கையான இடம் என்பதால்தான் அங்கே கொட்டுகிறது. செல்லத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பத்து நாள் போகாதது எனக்குக் கவலை. வீட்டில் இருக்க இருக்க, திரும்பப் போவது மலையாகும். முழு நாள் வேண்டாம். அடுத்த வாரம் முதல் இரண்டு பீரியடு மட்டும். கதவோரம் இடம், 90 அடி வந்தால் காட்டிவிட்டு வெளியே போக ஒரு அட்டை, போய் உட்கார ஒரு குறிப்பிட்ட மரத்தடி, தலைமை ஆசிரியரின் ஒப்புதல். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் சொல்லியிருக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, அதனால் நீங்கள் சலுகை யாசிக்கவில்லை. யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் திருவாரூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு நேரத்தில் அலையாமல் இருக்கலாம்.

போக மறுப்பதற்குப் பள்ளியிலேயே காரணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது கேலி செய்கிறார்களா, பின்னாலிருந்து சீண்டுகிறார்களா, கழிவறைக்குப் போகப் பயமா? ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டால் அவனுக்குச் சொல்ல வராது. பள்ளியின் படம் ஒன்று வரைந்து, எந்த இடத்தில் எத்தனை அடி என்று எழுதச் சொல்லுங்கள். படம் காட்டிக்கொடுத்துவிடும்.

மருந்து விஷயம். ஆட்டிசத்துக்கென்று மாத்திரை கிடையாது. ரிஸ்பெரிடோன் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுவது உண்மை. கடும் எரிச்சல், தாக்குதல், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது ஆகியவற்றுக்கு அது உதவும். கையைக் கடிக்கிறான் என்று கேட்டு டாக்டர் எழுதியிருப்பார். அது பதற்றத்துக்கான மருந்து இல்லை. பசியும் எடையும் தூக்கமும் கூடுவது அதன் தெரிந்த பக்கவிளைவுகள். நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்தவரிடமே போய், கேள்வி எப்போது ஆரம்பித்தது, எதனால் என்ற விவரத்தோடு, ‘இது பதற்றமாக இருக்குமா?’ என்று கேளுங்கள். எடை பார்க்கச் சொல்லுங்கள். அவரோ, திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ மாற்று யோசிப்பார்கள். பதற்றம் மிகக் கடுமையாக இருந்தால் ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின் போன்றவற்றை யோசிப்பதுண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அவற்றுக்கான ஆதாரம் இன்னும் அவ்வளவு உறுதியில்லை. கொடுத்தால் மிகக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும், சிலருக்கு நிலைகொள்ளாமை கூடும். காலண்டர் வேலையை இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்து பார்த்துவிட்டு அந்தப் பேச்சுக்குப் போகலாம் என்பது என் எண்ணம்.

அதற்கு முன், உடம்பையும் ஒரு முறை முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கல், சொத்தைப் பல், காது வலி எல்லாம் பேசத் தெரிந்த பிள்ளையிடமும் கோபமாகத்தான் வெளியே வரும். ஆட்டிசத்தில் வலிப்பு வர வாய்ப்பு அதிகம், பதின்வயதில் தொடங்குவதும் உண்டு. திடீரென்று வெறித்துப் பார்த்து நின்றால், கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ‘இருக்கவே பிடிக்கலை’ என்கிற மாதிரி எப்போதாவது சொன்னால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிப்போங்கள். ராத்திரி என்றால் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.

மாமியார் மந்திரிக்கட்டும், விபூதி போடட்டும், அவருக்கும் பேரன்மேல் பதற்றம்தான். உடுக்கையும் சாம்பிராணிப் புகையும் மட்டும் வேண்டாம், அவன் காதுக்கும் மூக்குக்கும் ஆகாது. கயிறு கட்டுவது என்றால் எத்தனை மணிக்கு, எந்தக் கையில் என்று முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள். அவரைக் காலண்டர் வேலையில் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. ராத்திரி மூன்றாவது முறை கேட்கும்போது விரலால் காட்டுவது பாட்டியாக இருக்கட்டும். நீங்கள் அந்த நேரத்தில் கொஞ்சம் திண்ணையில் போய் உட்காரலாம்.

ஐப்பசி பிறக்கப்போகிறது, அடைமழைக்கு முன்னால் இட்லி–தோசைப் பயிற்சிக்கு ஒரு வாரமாவது கிடைத்தால் பெரிய விஷயம். தினமும் எத்தனை முறை கேட்டான், அன்றைக்கு அவன் சொன்ன அடி எவ்வளவு என்று இரண்டே எண் எழுதிவைத்து, ஒரு மாதம் கழித்து அனுப்புங்கள். அதற்குத் தனியாக நோட்டு வாங்க வேண்டாம். அவன் சேர்த்துவைத்திருக்கும் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதலாமா என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள். சம்மதித்தால் எழுதுங்கள். மாட்டேன் என்றால் நோட்டுதான்.